இரண்டாவது கையுறை

“ஒரு ஆள் சாகும்போது தனியாத்தான் இருந்தாருன்னு எப்படிம்மா நிரூபிப்பீங்க?”

வெகுகாலத்துக்கு முன்பு, இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விசாரணை வேலைக்குப் போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அவளிடம் கேட்ட கேள்வி அது. கழுவாத தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று கிடந்தால் தனியாக இருந்தார் என்று அர்த்தம் என்றாள் அவள். தனியாகச் சாப்பிட்டார் என்பதற்குத்தான் அது சாட்சி என்று சொல்லி அதிகாரி சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. சரியான பதில் மட்டும் கிடைக்கவே இல்லை.

இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு துப்பறியும் நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்றால் மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஓர் உதவியாளன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் தெருவே அவளைக் கண்ணாடியம்மா என்றது. உதவியாளனுக்கு அவனுடைய உயரமும் ஒல்லியும் சேர்ந்து ஒட்டடை என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருந்தன. ஊரில் உள்ள எல்லாத் தொழிலையும் கொஞ்ச நாள் பார்த்து, எல்லா முதலாளியிடமும் திட்டு வாங்கி, கடைசியில் இங்கே வந்து ஒதுங்கியவன்.

அன்று காலை அந்தப் பழைய கேள்வி தலைகீழாகத் திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது.

“எங்கப்பா சாகும்போது தனியா இல்லைன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்,” என்றாள் வந்திருந்த பெண்.

மடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். இப்போது உலர்ந்த செங்கல் நிறம். மணிக்கட்டுப் பக்கம் கயிற்றைக் கத்தரித்து உருவியிருந்தார்கள். கத்தரி படாத இடத்தில், இரண்டு கையுறையிலும் முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அவளுடைய அப்பாவை ஊர் சாம்பியன் என்றுதான் சொல்லும். பட்டம் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கடைசிச் சண்டையில் தலையில் அடிபட்டு, மூளைக்குள் ரத்தம் கட்டி, அறுவை சிகிச்சையில் உயிர் மட்டும் திரும்பி வந்தது. இடது கண் இருண்டுவிட்டது. பேச்சு, தண்ணீர் வராத குழாய்போல எப்போதாவது ஒரு சொட்டு. மகள் அப்போது சின்னப்பெண். வேலை கிடைத்த ஊருக்கு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாம்பியன் தன் மாடி அறையைவிட்டு வர மறுத்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். எடுப்பாரு, பேசமாட்டாரு. மூச்சு சத்தம் மட்டும் கேக்கும். நானே ஏதாவது பேசிட்டு வெச்சிருவேன்,” என்றாள்.

போன வாரம் ஒரு காலையில் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார். முந்தின நாள் சாயங்காலமே இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. போலீஸும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை கையுறைகளை யாரும் கழற்றவில்லை. அவற்றை வெட்டி எடுத்தபோது அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, பழைய ஞாபகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றான் ஒட்டடை.

மகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “முதல் கையுறையைப் பல்லால கடிச்சுக் கட்டிக்கலாம். ரெண்டாவதுக்கு ஆள் வேணும்.”

“எனக்கெல்லாம் முதல் செருப்பைத் தேடறதுக்கே ஆள் வேணும்,” என்று வாய்க்குள் முனகிய ஒட்டடை, கையுறையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் சாம்பியன் பழகிய பயிற்சிக்கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். மகளையும் பேசச் சொல்லியிருந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்களாம்: அநாதையாகச் செத்தார். அது நிஜமா பொய்யா என்று தெரியாமல் எந்த முகத்தோடு மேடை ஏறுவது என்று அவள் கேட்டாள். கேட்கும்போது குரல் உடையவில்லை. அதுதான் கண்ணாடியம்மாவை என்னவோ செய்தது. தனியாக அழுது தீர்த்தவர்களுக்குத்தான் மற்றவர் முன்னால் குரல் உடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மகளை விடுதிக்குப் போய் இருக்கச் சொல்லிவிட்டுக் கையுறைகளை வாங்கிக்கொண்டாள்.

சாம்பியன் குடியிருந்த மாடிக்குக் கீழே ஒரு தையல்கடை. தையல்காரம்மாதான் சாவியை வைத்திருந்தாள்; இறந்து கிடந்ததை முதலில் பார்த்ததும் அவள்தான். காலையில் தண்ணீர் பிடிக்க அவர் இறங்கி வராததால் மேலே போனாளாம். கதவு சும்மா சாத்தியிருந்ததாம். அவர் என்றைக்குத்தான் தாழ்ப்பாள் போட்டார் என்றாள்.

அவரைப் பார்க்க யாராவது வருவதுண்டா என்று கண்ணாடியம்மா விசாரித்தாள்.

“யாரும்மா வருவாங்க? இத்தனை வருஷத்துல மேலேர்ந்து ஒரு பேச்சுக்குரல் கேட்டதில்ல. சாயங்காலம் ஆனா தொம்மு தொம்முன்னு சுவத்தைக் குத்துவாரு. பாவம், குத்திட்டுப் போகட்டும்னு விட்டுருவேன்.”

அறைக்குள் போனதும் ஒட்டடை சுவரோடு சுவராக நின்று ஆராய்ந்தான். திரும்பியபோது முதுகு முழுக்கச் சுண்ணாம்பு.

“மேடம், இந்தச் சுவர் ஜென்மத்துல ஒரு அடி வாங்கினதில்ல. எங்கப்பாகிட்ட வளர்ந்த என் முதுகைவிட நல்லா இருக்கு.”

அவன் சொன்னது சரிதான். தொட்டால் ஒட்டும் சுண்ணாம்பில் ஒரு பள்ளம் இல்லை, ஒரு கறை இல்லை. கூரையில் மணல்பை தொங்கவிடும் கொக்கியும் இல்லை. அப்படியானால் தினமும் சாயங்காலம் அவர் குத்தியது சுவரை இல்லை. யாரோ எதையோ ஏந்திப் பிடித்திருக்கிறார்கள். பேசாமல் வந்து, பேசாமல் பிடித்துவிட்டு, பேசாமல் போயிருக்கிறார்கள்.

அறையில் அதிகமாக ஒன்றும் இல்லை. கட்டில், அலமாரி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னல் ஓரமாக அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, அதற்கு இடது பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல். கண்ணாடியம்மா நாற்காலியில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஸ்டூல் காணாமல் போனது.

“நல்லாப் பாரு. இவரைத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் கண்ணு தெரியற பக்கம்தானே உட்காருவாங்க?”

“பக்கத்துல இருக்கணும், ஆனா முகத்தைக் காட்டக் கூடாதுன்னா இந்தப் பக்கம்தான் வசதி,” என்றான் ஒட்டடை. “நானும் கடன்காரன் வீட்டுக் கல்யாணத்துல இப்படித்தான் தூணுக்குப் பின்னாடி உட்காருவேன்.”

பின்பக்கம் சின்ன பால்கனி. அங்கிருந்து ஓர் இரும்புப் படிக்கட்டு பின்சந்தில் இறங்கியது. தையல் மிஷின் ஓடும்போது அந்தப் படியில் யானை ஏறினாலும் கீழே கேட்காது. பால்கனிக் கொடியில், இரண்டு மூன்று விரல் அகலத்தில், தரைவரை தொங்கும் இரண்டு நீளத் துணிகள் கிளிப் போட்டுக் காய்ந்து கொண்டிருந்தன. காய்ந்து பல நாள் ஆகியிருந்தது. வெயிலில் அப்பளம்போல விறைத்திருந்தன.

யாருக்குத் தலைப்பாகை என்று கேட்டான் ஒட்டடை. படியேறி வந்திருந்த தையல்காரம்மாதான் சொன்னாள்: கையில் சுற்றிக்கொள்ளும் துணி, தினமும் மத்தியானம் துவைத்துப் போடுவார், சாயங்காலம் சத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் எடுத்துவிடுவார். அவர் போன பிறகு இந்த வீட்டில் ஒரு துரும்பைக்கூட யாரும் தொடவில்லை.

கண்ணாடியம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி உள்ளே போய் நாற்காலியைப் பார்த்தாள். அவள் நெற்றியில் விழுந்த கோடு ஒட்டடைக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சிக்கூடத்தில் நினைவுக் கூட்டத்துக்குப் பந்தல்போலத் துணி கட்டிக் கொண்டிருந்தார்கள். ரிங்கின் கயிற்றில் சாம்பியனின் பெரிய படம் சாய்ந்திருந்தது. இரண்டு கையையும் தூக்கி, கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிற முகம். ஜெயித்தால் அவர் முதலில் மகளைத்தான் தேடுவார் என்றார் மாஸ்டர். சாம்பியனைச் செதுக்கியவர் அவர். கத்திக் கத்தியே தொண்டை போய், இப்போது தகரத்தில் மணல் கொட்டுகிற குரல்.

கடைசிச் சண்டையை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். சுருக்கமாகச் சொன்னால்தான் அவரால் சொல்ல முடிந்தது. எதிராளி வயதில் சின்னவன். ஆரம்பத்திலேயே சாம்பியனின் ஒரு குத்தில் அவன் புருவம் கிழிந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி, எதிரில் இருப்பது தெரியாமல் அவன் வீசிய ஒரு கை, சாம்பியனின் நெற்றிப்பொட்டில் விழுந்தது. சாம்பியன் விழும்போது தலை ரிங்கின் விளிம்பில் மோதியது. பட்டம் அந்தப் பையனுக்குப் போனது. மறுநாளே அதைச் சங்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, குத்துச்சண்டைப் பக்கமே அவன் திரும்பவில்லை. எங்கே போனான் என்று யாரும் தேடவில்லை.

“நீங்க சாம்பியனைப் போய்ப் பாக்கறதுண்டா மாஸ்டர்?”

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சந்துமுனை வரைக்கும் பல தடவை போயிருக்கேன். போய் என்னம்மா பேசறது? எந்திரிடா, எண்ணிக்கை முடியறதுக்குள்ள எந்திரிடான்னு கத்தின வாய் இது.”

கையுறைகளை அவரிடம் காட்டினாள். முடிச்சு மணிக்கட்டின் பின்பக்கம் போட்டிருக்கிறது, அது முறைதான் என்றார் அவர்; எதிராளியின் முகத்தில் உரசக் கூடாது என்பதற்காகச் செய்வது. கட்டுகிறவன் எதிரே நிற்பான், கட்டிக்கொள்கிறவன் முஷ்டியை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளுவான், அப்போதுதான் கையுறை இறங்கி உட்காரும். ஆனால் இந்த மாதிரி முடிச்சை எந்தக் கூடத்திலும் தான் பார்த்ததில்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

ஒட்டடை கையுறையை வாங்கி மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“மேடம், இது மெத்தை முடிச்சு. பஞ்சு ஒதுங்காம இருக்க நூலைக் கோத்து இழுப்பாங்கல்ல, அது. இழுக்க இழுக்க இறுகும், சாமானியத்துல அவிழாது. நான் மெத்தைப் பட்டறையில வேலை பார்த்தவன்.”

“எத்தனை நாள்?”

“மத்தியானம் வரைக்கும். சரக்கு எப்படி இருக்குன்னு படுத்துப் பரிசோதிச்சேன். முதலாளி தப்பா எடுத்துக்கிட்டாரு.”

மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். சாம்பியன் வீட்டுப் பின்சந்து முடிகிற இடத்தில்தான் அந்தப் பட்டறை என்று ஒட்டடை அடித்துச் சொன்னான். கண்ணாடியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“மாஸ்டர், கையில துணி சுத்தாம சாம்பியன் கையுறை போடுவாரா?”

“துணி இல்லாமப் போட்டா விரல் எலும்பு போயிரும்மா. அதைத் தானேதான் சுத்திக்குவான், அதுல என்னைக்கூடக் கை வைக்க விடமாட்டான். வெறுங்கையில கையுறையா? அவன் செத்தாலும் போடமாட்டான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தல் கட்டுகிறவர்களை அதட்டப் போய்விட்டார்.

கண்ணாடியம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். துணி கொடியில் இருக்கிறது. அதை எடுக்கிற நேரத்துக்கு முன்பே அவர் எடுக்க முடியாதவராகிவிட்டார். கையுறை அதற்குப் பிறகுதான் ஏறியிருக்கிறது. வந்தவர் வந்தபோது நாற்காலியில் உயிர் இல்லை. ஆக, அந்தப் பெண் எது பொய்யாக இருக்க வேண்டும் என்று வந்தாளோ அது உண்மை. சாம்பியன் சாகும்போது தனியாகத்தான் இருந்தார்.

இதை எப்படி அவளிடம் சொல்வது என்று அவள் யோசித்துக் கொண்டிருந்தபோது, ஒட்டடை போனைச் சட்டைப்பையில் போட்டபடி வந்தான். அந்தப் பொண்ணுகிட்ட நல்ல சேதி சொல்லிட்டேன் என்றான். கூட இருந்த ஆள் கிடைத்துவிட்டார், பட்டறைக்கு நேராக வந்துவிடுங்கள் என்று வழியும் சொல்லியிருந்தான்.

“யாரைக் கேட்டுடா சொன்னே?”

அவள் அப்படி ஒரு குரலில் பேசி அவன் கேட்டதில்லை. அவனுடைய நகைச்சுவை எல்லாம் ஒரே மூச்சில் வற்றிவிட்டது. நடந்துகொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

மெத்தைப் பட்டறைக்குள் காற்றே பஞ்சாக இருந்தது. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கை நீள ஊசியால் மெத்தை தைத்துக் கொண்டிருந்தார் ஒருவர். தோள்கள் கதவின் அகலம். ஊசியைக் குத்தி, நூலை இழுத்து, பார்க்காமலே முடிச்சுப் போட்டார். நிமிர்ந்தபோது வலது புருவம் இரண்டு துண்டாகத் தெரிந்தது. நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு.

ஒட்டடை மூச்சை இழுத்தான். இவ்வளவு நாளாகத் தேடாமல் விடப்பட்ட அந்தப் பையன் இவர்தான். இப்போது தலை நரைத்திருந்தது.

கையுறைகளைப் பார்த்ததும் மெத்தைக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடியம்மா அவர் எதிரே ஒரு பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

“நீங்க போனப்ப அவருக்கு உயிர் இல்ல. அப்படித்தானே?”

அவர் மறுக்கவில்லை. மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை இடம்விட்டுச் சொன்னார். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதல்முதலில் அந்த இரும்புப் படி ஏறினாராம். வாசலில் நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாம்பியன் நாற்காலியில் கையில் துணி சுற்றி, மடியில் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். யாருக்காகக் காத்திருந்தாரோ தெரியாது. இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினார். இவர் கட்டிவிட்டார். மறுநாளும் போனார். பிறகு போகாத நாள் இல்லை. தடியான பஞ்சுத் திண்டு ஒன்று தைத்து நெஞ்சோடு பிடித்துக்கொள்வார், சாம்பியன் குத்துவார். அவர் களைத்த பிறகு கையுறையை அவிழ்த்துவிட்டு இவர் ஸ்டூலில் உட்காருவார். இருட்டும்வரை இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள்.

“நீங்க யாருன்னு அவருக்குத் தெரியுமா?” ஒட்டடைதான் கேட்டான். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

மெத்தைக்காரர் தன் புருவத்தைத் தொட்டார். “தினமும் கிளம்பறப்ப இதைக் கட்டைவிரலால தடவிப் பாப்பாரு. ஆறிடுச்சான்னு பாக்கற மாதிரி. அவர் போட்ட கையெழுத்து அவருக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் கண்ணு தெரியாத பக்கம் உட்காருவீங்க?”

“கட்டறப்ப எதிர நின்னுதானே ஆகணும். மத்த நேரமாவது என் மூஞ்சியைப் பாக்காம இருக்கட்டுமேன்னுதான்.”

அன்றைக்குப் பட்டறையில் லோடு இறங்க நேரமாகிவிட்டது. இவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சாம்பியன் நாற்காலியில் இருந்தார். இரண்டு கையும் மடியில் மலர்ந்து கிடந்தது.

“தெரிஞ்சுபோச்சும்மா. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா கட்டிவிடச் சொல்ற மாதிரி கையை விரிச்சு வெச்சிருந்தாரு. தெரியாத மாதிரி கட்டினேன். ஒண்ணு கட்டினேன். ரெண்டாவதும் கட்டினேன். நெஞ்சுல வெச்சுத் தள்ளுவாருன்னு நின்னு பாத்தேன்.”

பட்டறையின் தகரக் கூரை வெயிலில் டிக் டிக் என்று விரிந்து கொண்டிருந்தது.

ஏன் யாரையும் கூப்பிடவில்லை, ஒரு ராத்திரி முழுக்க அவரை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போக முடிந்தது என்று கண்ணாடியம்மா கேட்டாள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

“அன்னிக்கு மிச்சம் வெச்சதை இன்னிக்கு வந்து முடிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லமாட்டாங்களா? பயந்துட்டேன். தப்புதான்.”

சாம்பியனின் பெண் வந்துகொண்டிருக்கிறாள், ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள் என்று கண்ணாடியம்மா சொன்னாள். என்ன கேள்வி என்றும் சொன்னாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அது அவள் வேலையும் இல்லை. அவளுக்கே தெரியவும் இல்லை. இத்தனை வருடத் தொழிலில் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அது தன்னுடையதாக இல்லாமல் போகட்டும் என்று அவள் நினைத்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் நிழல் விழுந்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஒருவேளை நன்றி சொல்லத்தான் வந்திருப்பாள். மெத்தைக்காரரின் புருவம் கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டது. வீட்டில் யாரும் பெயர் சொல்லாத அந்த முகத்தைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் அவள். அப்பாவின் கண்ணையும் பேச்சையும் தின்ற கை எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“நீங்களா?” என்றாள்.

மெத்தைக்காரர் எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து நிற்க இடம் தேடியது.

தினமும் அங்கே போகிறவர் இவர்தான் என்று கண்ணாடியம்மா சுருக்கமாக எடுத்துச் சொன்னாள். கையுறை கட்டியது, திண்டு பிடித்தது, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தது. கடைசி நாளைப் பற்றி மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். மகள் அசையாமல் கேட்டாள். பஞ்சு அவள் முடியில் வந்து உட்கார்ந்தது. அதையும் அவள் தட்டிவிடவில்லை.

பிறகு நேராக அவரிடம் கேட்டாள்.

“அப்பாவுக்கு உயிர் போகும்போது நீங்க கூட இருந்தீங்களா?”

“இருந்தேம்மா.”

ஒட்டடை தலையைத் தூக்கினான். மெத்தைக்காரர் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். சாயங்காலம் எப்போதும்போலப் போனேன், கட்டிவிட்டேன், ரெண்டு குத்து விட்டார், போதும்னு தலையாட்டினார், உட்கார்ந்தார், என் தோள்மேல கை இருந்துச்சு, வலியெல்லாம் இல்லம்மா, தூங்கற மாதிரிதான். இதுவரை வார்த்தைக்கு வார்த்தை இடம்விட்டுப் பேசிய மனிதர் இப்போது மூச்சுவிடாமல் பேசினார். மற்ற நாட்களில் நடந்ததை எல்லாம் அள்ளி அந்த ஒரு நாளுக்குள் போட்டுத் திணித்துத் தைத்துக் கொண்டிருந்தார்.

மகளின் உதடு கொஞ்சம் விலகியது. நெஞ்சுக்குள் எங்கேயோ இறுகிக் கிடந்தது ஒன்று தளர்வதைக் கண்ணாடியம்மாவால் பார்க்க முடிந்தது. சரி, இப்படியே போகட்டும் என்று அவள் நினைத்தாள்.

“சின்ன வயசுல அப்பாவோட கைத்துணியைச் சுருட்டி வெக்கிற வேலை என்னோடது,” என்றாள் மகள். “அன்னிக்குத் துணி சுத்தியிருந்தாரா?”

ஒட்டடையின் வாய் திறந்தது. கண்ணாடியம்மா அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

“சுத்தியிருந்தாரும்மா,” என்றார் மெத்தைக்காரர். “எப்பவும்போல. நல்லா இறுக்கமா.”

கையுறைகளை வெட்டி எடுத்தபோது பக்கத்தில் நின்றவள் அவள். உள்ளே இருந்து வந்த கைகள் வெறுங்கைகள் என்று பார்த்தவள். மெத்தைக்காரருக்கு அது தெரியாது. கண்ணாடியம்மாவுக்குத் தெரியும், ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

மகள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத முகம் அது. சொன்ன பொய்யை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறிக் கொண்டிருந்தது. அவர் கைகள் இரண்டும் தொடையோரம் இறுகி முஷ்டியாகி, பிறகு தாமாகப் பிரிந்தன.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கண்ணை மூடிக்கொண்டார். விலகவில்லை.

அவர் தோளில் ஒட்டியிருந்த பஞ்சை அவள் இரண்டு விரலால் எடுத்தாள். கீழே போடாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். வாசலுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவர் கண்ணைத் திறந்து, அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.